அழத் தெரிஞ்சா மட்டும் போதாது: கஷ்டப்பட்ட வீட்லேர்ந்து நடிக்க வர்ற தோட்டத்துப் புள்ளைங்களுக்கு

நடிக்கணும்னு எங்கிட்ட வந்து பேசுற புள்ளைங்க நெறைய பேரு ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க. "அண்ணே, நான் சின்ன வயசுல ரொம்ப பட்டுட்டேன், அதனால சோக சீன்லாம் எனக்கு சும்மா வரும்ணே." அழுகை வரும் தம்பி, நான் இல்லேங்கல. ஆனா கட் சொன்னதும் அத நிறுத்தத் தெரியணும், லைட்ட மாத்திட்டு நாலாவது டேக் எடுக்கும்போது அதே அழுகைய அதே எடத்துல திரும்ப கொண்டாரத் தெரியணும், அழுதுக்கிட்டே டயலாக்க வெளங்குற மாதிரி பேசத் தெரியணும். பட்ட கஷ்டம் இது எதையும் சொல்லிக் குடுக்காது. இது தனியா கத்துக்குற வேல.

இத நான் எழுதுறது முக்கியமா மலேசியாவுல, பேராக்ல இருக்குற நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துப் புள்ளைங்களுக்கு, எல்பில், டோவன்பி மாதிரி தோட்டத்துல பொறந்தவங்க, இல்ல அப்பா அம்மா தோட்டத்த விட்டு வந்து டவுன் தாமான்ல வளந்தவங்க, வீட்ல குடி அடின்னு பாத்து, இல்ல பாட்டி வீட்லயோ ஹோம்லயோ வளந்து, மனசுக்குள்ள மட்டும் இந்த ஆசைய வெச்சிக்கிட்டு இருக்கவங்களுக்கு. பஹாவோ கூலிமோ எங்க இருந்தாலும் கத முக்கால்வாசி இதேதான், ஊரு பேர மட்டும் மாத்திக்குங்க. நான் பெரிய ஆளுலாம் இல்ல, டிவி நாடகத்துல போலீஸ்காரன், மாமா, சாப்பாட்டுக்கடை தவுக்கேன்னு வந்து போற மூஞ்சி, ஆனா செட்ல ரொம்ப வருஷமா நிக்கிறேன், யாரு தாக்குப் புடிக்கிறாங்க, யாரு ஒரே நாடகத்தோட காணாம போறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

ஒரு கணக்கு மட்டும் மொதல்ல. எம்.ஜி.ஆர். 1917-ல இலங்கையில கண்டி பக்கம் நாவலப்பிட்டியில பொறந்தவரு, அதுவும் நம்மள மாதிரி தோட்டக்காட்டுப் பக்கம்தான். நடக்க ஆரம்பிச்ச வயசுலயே அப்பா போயிட்டாரு, அவரும் அவரு அண்ணனும் பாய்ஸ் கம்பெனியில போயி சேந்தது கலை ஆர்வத்துல இல்ல, சோத்துக்கு. மொத படம் 1936-ல, ஹீரோவா நடிச்சது 1947-ல. நடுவுல பதினோரு வருஷம், அதுக்கு முன்னாடி நாடகக் கம்பெனியில பாட்டு, வசனம், கத்திச் சண்டைன்னு தெனமும் பயிற்சி. சார்லி சாப்ளினும் அப்படித்தான், லண்டன்ல ஏழு வயசுல அனாதைங்க, ஏழைங்கள வெக்கிற ஒர்க்ஹவுஸ்ல இருந்த புள்ள, அம்மாவுக்கு மனநோய். ஆனா பத்து வயசு வாக்குலயே மரக்கட்டை செருப்பு போட்டு ஆடுற குழுவுல மேடையேறி, 1908-ல பிரெட் கார்னோ கம்பெனியில சேந்து அங்கதான் டைமிங் கத்துக்கிட்டாரு. இவங்க கதைய சொல்றவங்க எல்லாம் வறுமைய மட்டும் சொல்லிட்டு நடுவுல இருக்குற இந்தப் பயிற்சிய விட்டுடுறாங்க, எனக்கு அதுல கோவம் உண்டு.

மொதல்ல வீடு

உங்களுக்கு இன்னும் 18 வயசு ஆகல, வீட்ல இப்பவும் அடியோ அதவிட மோசமானதோ நடக்குதுன்னா, நடிப்பு ரெண்டாவது. அரசாங்கத்தோட உதவி லைன் தாலியான் காசே 15999, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க, பக்கத்து வீட்டுப் புள்ளைக்காகவும் நீங்க கூப்பிடலாம். 2001-ல வந்த குழந்தைகள் சட்டம் 18 வயசுக்கு கீழ உள்ளவங்கள புள்ளைன்னுதான் பாக்குது, பாதுகாக்க வேண்டியது ஜே.கே.எம். (சமூகநல இலாகா) வேல. ஸ்கூல் கவுன்சலிங் டீச்சர்கிட்ட சொல்றதும் ஒரு வழி. "கோலாலம்பூருக்கு (கே.எல்.) ஓடிப் போயி நடிகனாயிடறேன்"ங்கறது மட்டும் வேண்டாம், பஸ் ஸ்டாண்ட்ல எறங்குற தனிப் புள்ளைய தேடிக்கிட்டு இருக்கறவன் டைரக்டரா இருக்க மாட்டான்.

அடுத்தது பேப்பர். இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா நம்ம ஆளுங்க நெறைய பேரு இங்கதான் மாட்டுறாங்க. ஐ.சி. (அடையாள அட்டை), பொறப்பு பத்திரம், சொந்தப் பேர்ல பேங்க் கணக்கு. டிவிக்கு நடிச்சா காசு போடறதுக்கு இது மூணும் கேப்பாங்க, காலேஜ் சேரவும் கேப்பாங்க. அப்பா அம்மா கல்யாணத்த பதிவு பண்ணல, பொறப்ப லேட்டா பதிஞ்சாங்க, பத்திரம் அப்பா வீட்ல இருக்கு அவரு தர மாட்றாரு, இப்படி ஒரு சிக்கல் இருந்தா வாய்ப்பு வந்த பொறவு ஓடாதீங்க, இப்பவே ஜே.பி.என். (பதிவு இலாகா) போங்க, கூட வெவரம் தெரிஞ்ச பெரியவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க. குடியுரிமை இல்லாம சிவப்பு ஐ.சி. வெச்சிருக்கவங்களோ, ஒண்ணுமே இல்லாதவங்களோ, உங்க கேஸ் மாசக் கணக்குல இல்ல வருஷக் கணக்குல இழுக்கும், அதனால இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கணும்.

எஸ்.பி.எம். (அஞ்சாம் பாரம் பரீட்சை) முடிக்காதவங்களுக்கு ஒரு வரி: பி.எம்.-உம் (மலாய் மொழி) சரித்திரமும் பாஸ் ஆகலேன்னா சர்ட்டிபிகேட்டே கெடையாது, 2013-லேர்ந்து சரித்திரமும் கட்டாயம். அந்த ரெண்டையும் உலாங்கான்ல திரும்ப எழுதலாம். வெக்கப்படாம எழுதுங்க.

மனசு

நம்ம பக்கத்துல இருக்குற பெரிய தொல்ல தஞ்சோங் ரம்புத்தான் ரொம்ப கிட்ட இருக்குறதுதான். 1911-லேர்ந்து அங்க மனநல ஆஸ்பத்திரி இருக்கு, அதனால நம்ம ஊர்ல யாராவது தூக்கம் வரலேன்னு டாக்டர பாக்கப் போறேன்னு சொன்னா போதும், "ஏன், ரம்புத்தானுக்கு சீட்டு போடவா"ன்னு சிரிப்பானுங்க. சிரிக்கட்டும். நீங்க கவுர்மெண்ட் கிளினிக்குக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போனீங்கன்னா நம்ம நாட்டு ஆளுக்கு 1 வெள்ளி, அங்கேயே ஒரு பாரத்த குடுத்து மன அழுத்தம் எவ்வளவுன்னு பாப்பாங்க, தேவைன்னா கவுர்மெண்ட் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதித் தருவாங்க. போன்ல பேசணும்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555, பிப்ரெண்டர்ஸ் கே.எல். 03-7627 2929.

இத நடிப்பு வழிகாட்டியில ஏன் சொல்றேன்னா, இந்தத் தொழில்ல உங்க மனசத்தான் தெனமும் தொறந்து வெக்கணும். கால் ஒடஞ்சவன் புட்பால் ஆடறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுப்பான் இல்ல, அதேதான். முழுசா குணமாயிட்டுத்தான் நடிக்கணும்னு நான் சொல்லல, அப்படிப் பாத்தா செட்ல பாதிப் பேர் இருக்க மாட்டோம். ஆனா எந்த எடத்துல தொட்டா உங்களுக்கு கை நடுங்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்.

பழைய காயத்த என்ன பண்றது

இதுதான் முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க. "உன் வாழ்க்கையில நடந்தத நெனச்சுக்கோ, அழு" அப்படின்னு சொல்ற டைரக்டருங்க, வாத்தியாருங்க இங்க அதிகம். இந்த முறை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ரஷ்யாவுல ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஆரம்ப காலத்துல உணர்ச்சி ஞாபகத்த பயன்படுத்திப் பாத்தாரு, அமெரிக்காவுல லீ ஸ்ட்ராஸ்பெர்க் அத புடிச்சுக்கிட்டு பெருசாக்கினாரு. ஆனா அந்த ஸ்ட்ராஸ்பெர்க்கே சொன்னது, எடுக்குற ஞாபகம் ஏழு வருஷமாச்சும் பழசா இருக்கணும்னு. போன மாசம் நடந்தத எடுத்து வெச்சு அழுவுன்னு அவரும் சொல்லல. ஸ்டெல்லா அட்லர்னு ஒரு அம்மா 1934-ல பாரிஸ் போயி ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேர்ல பாத்து படிச்சிட்டு வந்து, இது வேண்டாம், கதாபாத்திரம் எந்த சூழ்நிலையில இருக்கு, அதுக்கு என்ன வேணும், அத கற்பனையில கட்டு, அதுலேர்ந்து உணர்ச்சி தானா வரும்னு வாதாடினாங்க. ரெண்டு பேருக்கும் சண்ட, பெரிய சண்ட. நம்மள மாதிரி வீட்லேர்ந்து வந்தவங்களுக்கு அட்லர் அம்மா பக்கம்தான் நல்லதுன்னு என் அபிப்பிராயம். உங்க அப்பாவ நெனச்சு அழுதீங்கன்னா அது உங்க அழுகை, கதையில வர்றவளோட அழுகை வேற, பாக்குறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அதோட பத்தாவது தடவ அதே ஞாபகத்த சொரண்டும்போது ஒண்ணுமே வராது, இல்ல நிக்காம வரும்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்கிரிப்ட் கையில வந்ததும் ஒரு நோட்டுல எழுதுங்க: இவ யாரு, இந்த ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தா, எதுக்கால நிக்கிறவங்ககிட்ட இவளுக்கு என்ன வேணும், கெடைக்கலேன்னா என்ன ஆகும். பொறவு அவளுக்குன்னு ஒரு பொருள் வெச்சுக்குங்க, ஒரு மோதரமோ, ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பரோ, அத போட்டா அவ, கழட்டினா நீங்க. கட் சொல்லி பேக்கப் ஆனதும் கழட்டி வெச்சிட்டு மூஞ்ச கழுவுங்க, சூடா ஒரு மைலோ குடிங்க, மேக்கப் அக்காகிட்ட எதாச்சும் வெட்டிக் கத பேசுங்க. சின்னப்புள்ளத்தனமா தெரியும், ஆனா அனுபவம் உள்ளவங்க எல்லாருக்கும் இப்படி ஒரு பழக்கம் இருக்கும், கேட்டுப் பாருங்க. ஒரு ரோல் முடிஞ்சு ரெண்டு வாரமாகியும் தூக்கம் திரும்பலேன்னா கிளினிக் போங்க.

அப்புறம், பெல்ட்டால அடி வாங்கி வளந்தவங்களுக்கு பெல்ட் சீன் வரும். நம்ம நாடகத்துல வராம இருக்காது. டைரக்டர்கிட்ட முந்தின நாளே சொல்லிடுங்க, காரணம் சொல்லத் தேவையில்ல, "இந்த சீன எனக்கு ரிகர்சல் பண்ணிக் காட்டணும், எங்கேர்ந்து கை வரும், எத்தன எண்ணிக்கையில வரும்னு தெரியணும்"னு கேளுங்க. சண்ட சீன்னா அது டான்ஸ் மாதிரி எண்ணி எண்ணி பண்றது, சத்தம் பின்னாடி சேப்பாங்க. "ஒரிஜினலா ஒண்ணு விட்டுக்கறேன், ஒரே டேக்ல முடிஞ்சிரும்"னு சொன்ன ஆளுங்கள எனக்குத் தெரியும். முடியாதுன்னு சொல்லுங்க. அதுக்காக ரோல் போச்சுன்னா போகட்டும் லா.

ஊர்லயே பழகுறது

கிளாஸுக்கு காசு இல்லேன்னா ஒண்ணும் கெட்டுப் போயிடல. தெனமும் காலையில தமிழ் பேப்பர் ஒரு பக்கத்த சத்தமா படிங்க, ழ, ள, ல மூணையும் பிரிச்சு. ஒரு வாரம் படிச்சிட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டா உங்களுக்கே காதுல குத்தும், அதுதான் ஆரம்பம். தோட்டத்துத் தமிழ மறக்கவும் வேண்டாம், 2015-ல வந்த ஜகாட் படம் தோட்டத்த விட்டு வந்த குடும்பத்துப் பையன் கததான், நம்ம பேசுற பேச்சுலயே எடுத்தது, அடுத்த வருஷம் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு பரிசு வாங்குச்சு. ரெண்டும் வாயில இருக்கணும். பி.எம்.-உம் சரளமா பேச வந்துச்சுன்னா மலாய் நாடகத்துலயும் விளம்பரத்துலயும் கூப்பிடுவாங்க, தமிழ்ல மட்டும் நின்னா வேல கம்மி, இது கசப்பான உண்ம.

பாக்க கத்துக்குங்க. நம்ம ஊரு இதுக்கு நல்ல எடம். செம்பனைக் குலை வெட்டுறவர ஒரு தடவ சாயங்காலம் டீக்கடையில பாருங்க. நாள் முழுக்க நீளக் கம்புல கட்டின அரிவாள தூக்கிப் புடிச்சு மேலயே பாத்துக்கிட்டு நின்னதுல, உக்காந்த பொறவும் தாடைய சட்டுன்னு கீழ எறக்க மாட்டாரு, கிளாஸ கண்ணால தேடாம கையாலதான் தேடுவாரு. பால்மரம் சீவின கெழவிங்க தரையில உக்காரும்போது வேற மாதிரி உக்காருவாங்க. இப்படி ஒருத்தர எடுத்துக்கிட்டு ஒரு வாரம் அவர மாதிரி நடந்து, உக்காந்து, டீ குடிச்சுப் பழகுங்க, கேலி பண்றதுக்கு இல்ல, அந்த ஒடம்புக்குள்ள போறதுக்கு. உங்க சொந்தக் கதைய விட்டு வெளிய வர்றதுக்கு இதவிட நல்ல மருந்து எனக்குத் தெரியல.

கோயில் திருவிழாவுல நாடகம் போட்டா சேருங்க, மைக் புடிச்சு அறிவிப்பு பண்ணச் சொன்னாலும் பண்ணுங்க. மின்னல் எஃப்.எம். நாடகங்கள கேட்டா குரல மட்டும் வெச்சு என்ன பண்ணலாம்னு புரியும்.

வீடியோ அனுப்புறது

இப்ப ஆடிஷன் முக்கால்வாசி போன்லதான் ஆரம்பிக்குது. போன படுக்க வெச்சு, கண்ணு உயரத்துக்கு, ட்ரைபாட் இல்லேன்னா மைலோ டின்ன அடுக்கி வெச்சுக்குங்க. வெளிச்சம் மூஞ்சிக்கு முன்னாடி இருக்கணும், ஜன்னலுக்கு முதுக காட்டி நின்னா நெழல்தான் தெரியும். பின்னாடி வெறும் செவுரு, சாமிப் படம் காலண்டர் எல்லாம் எடுத்துடுங்க. தகரக் கூரை வீடா இருந்தா மழை நேரத்துல எடுக்காதீங்க, மோட்டர் சத்தம் வர்றதுக்கு முன்னாடி காலையில எடுங்க. மொதல்ல பேரு, வயசு, உயரம், ஊரு, என்னென்ன மொழி, என்ன தெரியும், மோட்டர் ஓட்டுவீங்களா, பறை அடிப்பீங்களா, அத சொல்லுங்க. அப்புறம் ஒரு நிமிஷத்துல ரெண்டு விதமா நடிச்சுக் காட்டுங்க, ரெண்டுல ஒண்ணு கட்டாயம் அழுகை இல்லாதது. எல்லாரும் அழுது அனுப்புறாங்க, பாக்குறவங்களுக்கு சலிச்சுப் போச்சு. சாதாரணமா கடையில பேரம் பேசுற மாதிரி ஒண்ணு அனுப்புங்க, நின்னு பாப்பாங்க. பில்டர் வேண்டாம், பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

அழைப்பு எல்லாம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குரூப்லதான் வரும். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ காசு, "மொதல்ல கோர்ஸ் எடு, பொறவு ரோல்"னு எவன் கேட்டாலும் அவன் கம்பெனி நடத்தல, உங்க காசுல சாப்புடுறான். ராத்திரி ஹோட்டல் ரூம்ல ஆடிஷன்னா போகாதீங்க. பகல்ல ஆபீஸா இருந்தாலும் கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, வேண்டாம்னு சொன்னா திரும்பிடுங்க. சின்ன வயசுல வீட்லயே தப்பு நடந்து, யாரும் கேக்காம போன புள்ளைங்களுக்கு வேண்டாம்னு சொல்லவே நாக்கு எழாது, இந்த மாதிரி ஆளுங்களுக்கு அது எப்படியோ மோப்பம் புடிச்சிரும், அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். பாலியல் தொல்லைக்கு எதிரா 2022-ல தனிச் சட்டமே வந்திருக்கு, அதுக்கு ட்ரிபியூனல் இருக்கு, வக்கீல் வெக்காமலே புகார் குடுக்கலாம். 18 வயசுக்கு கீழன்னா நேரா போலீஸ், 2017-ல வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம் இருக்கு.

முறையா படிக்கணும்னா கே.எல்.-ல அஸ்வாரா இருக்கு, நாடகத்துக்கு டிப்ளோமா, டிகிரி ரெண்டும் உண்டு, அரசாங்கக் கல்விக்கூடம்ங்கறதால தனியார் காலேஜ விட செலவு ரொம்ப கம்மி, ஆனா பி.எம். நல்லா வேணும். பினாங்குல யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்துலயும் நாடகம் படிக்கலாம். செந்தூல்ல இருக்குற கே.எல்.பேக் 2005-லேர்ந்து ஓடுது, அங்க மேடை நாடகமும் பயிற்சி வகுப்பும் நடக்கும், ஒரு நாடகமாச்சும் டிக்கெட் எடுத்து உக்காந்து பாருங்க. ஆட்டம் கத்துக்கணும்னா பிரிக்பீல்ட்ஸ்ல டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்.

உடனே வீட்ட காலி பண்ணிட்டு கே.எல். போகணும்னு இல்ல. ஈப்போ வரைக்கும் போயிட்டா அங்கேர்ந்து இ.டி.எஸ். ரயில்ல ரெண்டர மணி நேரந்தான், காலையில போயி ஆடிஷன் முடிச்சிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம். வேல தொடர்ச்சியா வந்த பொறவு ரூம் தேடுங்க. அப்பவும் கையில இன்னொரு வேல இருக்கணும், சிஃப்ட் மாத்திக்க முடியுற மாதிரி, கடையோ டெலிவரியோ. பசியோட ஆடிஷன் போனா எந்த ரோலுக்கும் எந்த கண்டிஷனுக்கும் தலையாட்டுவோம்.

காசு விஷயம் வாயால பேசாதீங்க. எத்தன நாள், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம், எவ்வளவு, எப்ப போடுவாங்க, சாப்பாடு போக்குவரத்து யாரு, எல்லாம் வாட்ஸ்அப்லயாச்சும் எழுத்துல இருக்கட்டும். டெலிகாஸ்ட் ஆன பொறவுதான் காசுன்னு சொல்ற எடம் உண்டு, எனக்கே ஒரு கம்பெனி இன்னும் பாக்கி வெச்சிருக்கு, எழுத்துல வாங்கினதாலதான் இன்னமும் கேட்டுக்கிட்டாவது இருக்க முடியுது. பெர்கேசோவுல (தொழிலாளர் காப்புறுதி நிறுவனம்) சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு இருக்குற திட்டத்துல கலைஞர்களும் சேரலாம், செட்ல விழுந்து கை ஒடஞ்சா அது கை குடுக்கும்.

டிவியில மூஞ்சி வந்ததும்

மொத நாடகம் வானவில் சேனல்லயோ டிவி 2-லயோ வந்த மறுநாளே பேசாத சொந்தக்காரங்க எல்லாம் பேசுவாங்க. உங்கள அடிச்ச மாமா பசார்ல நின்னு "எங்க வீட்டுப் புள்ள"ன்னு சொல்லுவாரு. கடன் கேப்பாங்க. அதுக்கு என்ன பண்றதுன்னு உங்க இஷ்டம், நான் புத்தி சொல்ல வரல, ஆனா சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க.

அப்புறம் ப்ரோமோ இன்டர்வியூ. கட்டாயம் கேப்பாங்க, "சின்ன வயசுல ரொம்ப கஷ்டமாமே, கொஞ்சம் சொல்லுங்களேன்"னு, பின்னாடி சோக மியூசிக் ரெடியா இருக்கும். போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்குங்க, எத சொல்லலாம், எத சொல்லவே கூடாதுன்னு. உங்க கதையில உங்க அம்மாவும் இருக்காங்க, தம்பி தங்கச்சியும் இருக்காங்க, தங்கச்சி நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும், அவள யாரும் கேக்கல. ஒரு தடவ யூடியூப்ல ஏறிடுச்சுன்னா எறக்க முடியாது. சொல்ல இஷ்டம் இல்லேன்னா மூஞ்ச தூக்கிக்க வேண்டாம், "அத இன்னொரு நாள் பேசலாம்கா, இந்த ரோலுக்காக நான் பால் மரம் சீவக் கத்துக்கிட்டேன், அத சொல்லட்டுமா"ன்னு திருப்பி விடுங்க. அவங்களுக்கு அஞ்சு நிமிஷம் ரொம்பணும், அவ்வளவுதான்.